சீசனை முடிக்கிறவர்களுக்கும் தொடரையே முடித்துவைக்கிறவர்களுக்கும்

அறிவியல் புனைகதைத் தொடர்களை எழுதுகிற, வாங்குகிற, நிறுத்துகிற எல்லோருக்கும்,

வணக்கம்.

விண்கலம், காலப் பயணம், வேற்றுக்கிரகவாசி, மூளைக்குள் சில்லு என்று எதைக் காட்டினாலும் உட்கார்ந்து பார்க்கிற கூட்டம் நாங்கள். சீசனின் கடைசி எபிசோட் முடிந்து திரை கறுத்ததும் "அடப்பாவிகளா!" என்று கத்துவோம். அடுத்த நிமிடமே போனை எடுத்து, அதே நேரத்தில் கத்திய மற்றவர்களைத் தேடிப் போவோம். இந்த மடல் அந்தக் கத்தலைப் பற்றிய புகார் என்று நினைத்துவிட வேண்டாம். கத்துவதற்காகத்தான் பார்க்கிறோம். எங்களை அந்தரத்தில் தொங்கவிடுகிற உரிமை எழுத்தாளருக்கு உண்டு, அதை அவரிடமிருந்து பிடுங்க எங்களுக்கு ஆசையும் இல்லை.

எங்கள் புகார் வேறு. கதையில் முடிச்சுப் போடுகிறவர் ஓர் அறையில் இருக்கிறார். அந்தத் தொடர் இனி வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர் வேறோர் அறையில் இருக்கிறார். இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு இருக்கிறதா என்றே எங்களுக்குச் சந்தேகம். அதனால் இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பல தொடர்களின் முடிவுகளைப் போட்டு உடைக்கப் போகிறேன். ஸ்பாய்லர் பயம் உள்ளவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.

முதலில் எழுதுகிறவர்களுக்கு.

1990 ஜூன் 18. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் மூன்றாம் சீசன் முடிகிறது. போர்க் என்ற இயந்திர இனம் கேப்டன் பிகார்டைப் பிடித்துப்போய்த் தன் கூட்டத்தில் ஒருவராக மாற்றிவிட்டது. கப்பலின் பெரிய திரையில் அவர் முகம் வருகிறது. பாதி முகத்தில் உலோகம், குரலில் உயிரே இல்லை. எதிர்ப்பது வீண் என்கிறார். கேப்டன் பொறுப்பில் இப்போது அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ரைக்கர். அவர் ஒரு விநாடி அந்த முகத்தைப் பார்க்கிறார். பிறகு கப்பலின் ஆயுதங்களைக் கவனிக்கும் வோர்ஃபிடம் "சுடு" என்கிறார். அவ்வளவுதான். அடுத்த பகுதி செப்டம்பர் 24-ம் தேதிதான் வந்தது. பிகார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் தொடரை விட்டுப் போகிறாரோ என்ற பேச்சு அந்த மூன்று மாதமும் ஓடியது.

அந்தக் காட்சி இன்றுவரை முதலிடத்தில் பேசப்படுவதற்குக் காரணம் கேப்டன் பிழைப்பாரா என்ற கேள்வி மட்டுமில்லை என்பது என் எண்ணம். அந்த எபிசோட் முழுக்க ரைக்கரைப் பற்றியது. அவருக்குத் தனிக் கப்பலின் தலைமைப் பதவி கொடுக்க மேலிடம் தயார். அவர்தான் போகாமல் தள்ளிப்போடுகிறார். அவருடைய நாற்காலியைக் குறிவைத்து ஷெல்பி என்ற இளம் அதிகாரி கப்பலுக்குள் வந்திருக்கிறாள். இந்த ஆள் கேப்டனின் நிழலை விட்டு எப்போதாவது வெளியே வருவாரா, அதுதான் அந்த ஒரு மணி நேரத்தின் கதை. "சுடு" என்ற ஒற்றைச் சொல்லில் அதற்குப் பதில் கிடைத்துவிடுகிறது. அந்த எபிசோட் தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டது, பின்விளைவுதான் பாக்கி. நாங்கள் ஏமாந்த உணர்வு இல்லாமல் மூன்று மாதம் காத்திருந்தது அதனால்தான்.

இத்தனைக்கும் அதை எழுதிய மைக்கேல் பில்லருக்கு, எழுதும்போது விடை தெரியாது. அதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இரண்டாம் பகுதியில் போர்க் கூட்டத்துக்குத் 'தூங்கு' என்ற கட்டளையை அனுப்பிப் பூமியைக் காப்பாற்றுகிறார்கள். முதல் பகுதி அளவுக்கு அது இல்லை என்று முணுமுணுக்கிறவர்கள் எங்களில் நிறையப் பேர். நானும் முணுமுணுத்தவன்தான். ஆனாலும் விடை கொஞ்சம் சப்பென்று இருந்தால் மன்னிக்க முடிகிறது. கேள்வியே சப்பென்று இருந்தால்தான் முடிவதில்லை.

விடையைப் பற்றிப் பேசும்போது 'டாக்டர் ஹூ'வைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாகும் நிலை வந்தால் உடல் மாறி வேறு உருவத்தில் பிழைத்துக்கொள்கிற, டாக்டர் என்ற காலப் பயணியின் கதை அது. 2008 ஜூன் 28 அன்று ஒளிபரப்பான எபிசோடில், தன் பழைய தோழி ரோஸை நோக்கி ஓடுகிற டாக்டர் மீது, டாலெக் என்ற எதிரி இனத்தில் ஒன்றின் கதிர் பாய்கிறது. அவருடைய காலப் பயணக் கலமான டார்டிஸுக்குள் இழுத்துப்போகிறார்கள். அவர் உடலிலிருந்து பொன்னிற ஒளி வெடிக்கிறது. அதாவது இந்த நடிகர் போய் வேறொரு நடிகர் வரப்போகிறார். அங்கே நிறுத்தினார்கள். வழக்கமாகக் கடைசியில் காட்டுகிற அடுத்த வார முன்னோட்டத்தைக்கூட அன்று காட்டவில்லை. யார் அடுத்த டாக்டர் என்று ஒரு வாரம் அமளி. மறுவாரம் பார்த்தால், டேவிட் டென்னன்ட் டென்னன்டாகவே எழுந்து நிற்கிறார். காயத்தை ஆற்றத் தேவையான சக்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தன்னுடைய துண்டிக்கப்பட்ட கை ஒன்றுக்குள் செலுத்திவிட்டாராம்.

"இது அழுகுணி ஆட்டம்" என்று பாதிப் பேர் கொதித்தார்கள். நான் கைதட்டிய பாதியில் இருந்தேன். அந்தக் கை திடீரென்று முளைத்ததில்லை. 2005 கிறிஸ்துமஸ் எபிசோடில் ஒரு வாள் சண்டையில் வெட்டுப்பட்ட கை அது. பிறகு கண்ணாடிக் குடுவைக்குள் போனது, 2007-ல் திரும்பி வந்தது, அப்புறம் டார்டிஸுக்குள்ளேயே எங்கள் கண்ணெதிரே குமிழி விட்டுக்கொண்டு நின்றது. விடையை இரண்டரை ஆண்டுகளாக மேசை மேல் வைத்திருந்தார்கள். பார்க்காமல் விட்டது நாங்கள். அப்படித் தோற்பதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

இப்போது அதிகம் வருவது வேறொரு வகை. யாரோ கதவைத் திறக்கிறார். உள்ளே எதையோ பார்க்கிறார். கேமரா அவர் முகத்துக்கு நெருக்கத்தில் போகிறது, கண்கள் விரிகின்றன, இசை ஏறுகிறது, கட். அவர் பார்த்ததை எங்களுக்கும் காட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அவர் அடுத்து என்ன செய்வார் என்று நாங்கள் யோசித்திருப்போம். காட்டாததால் உள்ளே என்ன இருந்தது என்று மட்டும்தான் யோசிக்கிறோம். அடுத்த சீசனின் முதல் இரண்டு நிமிடத்தில் அதற்குப் பதில் வந்துவிடும். அதற்குள் பாதிப் பேருக்கு அந்தக் கதவே மறந்திருக்கும்.

இங்கேதான் காத்திருப்பின் நீளம் வருகிறது. 'செவரன்ஸ்', மூளைக்குள் சில்லு வைத்து அலுவலக நினைவையும் வெளியுலக நினைவையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்ட ஊழியர்களின் கதை. அதன் முதல் சீசனின் கடைசி எபிசோட் 2022 ஏப்ரல் 8-ல் வந்தது. டிலன் கைகள் இரண்டையும் விரித்து, இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் பிடி தளராத வரைக்கும்தான் அவனுடைய நண்பர்களின் அலுவலக மனம் வெளியுலகில் விழித்திருக்க முடியும். அறைக்கு வெளியே மேலாளர் கதவை உடைக்கிறார். வெளியுலகில் அவன் நண்பன் மார்க் ஒரு புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இறந்துபோனதாகச் சொல்லப்பட்ட மனைவியைப் பற்றி "அவள் உயிரோடு இருக்கிறாள்!" என்று கத்துகிறான். டிலனின் பிடி விடுபடுகிறது. திரை அணைகிறது. அருமையான முடிவு, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த எபிசோட் வந்தது 2025 ஜனவரி 17-ல். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் சீசன் 2022 ஜூலை 1-ல் முடிந்தது. ஐந்தாவது 2025 நவம்பர் 26-ல் தொடங்கியது. கதைக்குள் ஒன்றரை ஆண்டுதான் கடந்திருந்தது. நடித்த பிள்ளைகளின் முகத்தில் மூன்றாண்டுக்கும் மேல் ஓடியிருந்தது.

இதில் எல்லாமே உங்கள் தவறு என்று சொல்லவில்லை. 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நியாயமான ஊதியம் கேட்டவர்கள் அவர்கள். அதற்காகக் காத்திருந்ததில் எங்களுக்கு முகச்சுளிப்பு இல்லை. கிராஃபிக்ஸ் வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதும் தெரியும். ஆனால் மூன்று ஆண்டு இடைவெளி வரும் என்று தெரிந்த பிறகும், மூன்று மாத இடைவெளிக்கென்று கண்டுபிடித்த உத்தியை அப்படியே பயன்படுத்துவது சரியாக வருமா? முன்பு அந்த இடைவெளியில் நாங்கள் தியரி எழுதினோம், சண்டை போட்டோம், ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தோம். இப்போது முதல் ஆறு மாதத்திலேயே எல்லாத் தியரியும் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புதிய சீசனின் முதல் வாரத்தில், பழைய கதையைச் சுருக்கிச் சொல்லும் ரீகேப் வீடியோ தேடி ஓடுகிறோம்.

தியரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்களில் யாராவது சரியாக ஊகித்துவிட்டால் தயவுசெய்து விடையை மாற்றாதீர்கள். லட்சம் பேர் யோசித்தால் ஒருவர் கண்டுபிடிக்கத்தான் செய்வார். நீங்கள் தடயங்களைச் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

இனி, நிறுத்துகிறவர்களுக்கு. மேலே சொன்னதெல்லாம் ரசனைக் கோளாறு என்று ஒதுக்கிவிடலாம். இனி வருவதை அப்படி ஒதுக்க முடியாது.

'1899' தொடரை உருவாக்கியவர்கள் மூன்று சீசன் என்று திட்டமிட்டிருந்தார்கள். 2022 நவம்பர் 17-ல் எட்டு எபிசோடுகள் வந்தன. பழைய காலத்து நீராவிக் கப்பல் பயணம் என்று நினைத்துக்கொண்டே வந்தோம். கடைசி நிமிடங்களில் நாயகி மௌரா ஒரு விண்கலத்தில் கண்விழிக்கிறாள். வருடம் 2099. நிஜ உலகத்துக்கு அவளை வரவேற்று அண்ணன் பெயரில் ஒரு செய்தி திரையில் வருகிறது. உண்மையான கதை அங்கேதான் தொடங்குகிறது. 2023 ஜனவரி 2-ல், அதாவது ஒன்றரை மாதத்தில், தொடர் ரத்து. வருகிற தொடர்களின் எண்ணிக்கைக்கு இது ஒரு சின்னச் செய்தி. எங்களுக்கோ எட்டு மணி நேர முன்னுரையைப் படித்துவிட்டு, புத்தகமே இல்லை என்று கேட்ட மாதிரி ஆனது.

'ஸ்டார்கேட் யுனிவர்ஸ்' இன்னும் மோசம். இரண்டாம் சீசனின் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் ரத்து என்ற செய்தியே வந்தது. கடைசி எபிசோட் 2011 மே 9-ல் ஒளிபரப்பானது. எதிரிகள் நிறைந்த விண்மீன் மண்டலத்தைத் தாண்ட வேண்டுமென்றால் விண்கலத்தில் இருக்கிற எல்லோரும் உறைநிலைப் பெட்டிகளுக்குள் படுத்துத் தூங்க வேண்டும். கணக்குச் சரியாக இருந்தால் மூன்று ஆண்டு. கொஞ்சம் பிசகினால் ஆயிரம் ஆண்டுகூட ஆகலாம். ஒரு பெட்டி குறைகிறது. ஈலை என்ற இளைஞன், தான் விழித்திருந்து பழுதான பெட்டியைச் சரிசெய்வதாகச் சொல்கிறான். அவனுக்குக் கிடைக்கிற அவகாசம் இரண்டு வாரம். ஆளில்லாத கப்பலில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. அவன் பெரிய கண்ணாடிச் சாளரத்தின் முன் நின்று வெளியே ஓடும் ஒளியைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறான். முடிந்தது. ஒருவிதத்தில் அழகான காட்சி என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். பெட்டி சரியானதா என்று யாராவது சொல்லியிருந்தால் தேற்ற வேண்டிய அவசியம் வந்திருக்காது.

உங்கள் கணக்கும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. விண்கலத்தின் உள்பகுதியைக் கட்டிய செட்டைக் கலைக்காமல் வைத்திருக்கவே செலவாகும். நடிகர்களின் ஒப்பந்தத்தில் அவர்களை அடுத்த சீசனுக்குத் தக்கவைத்துக்கொள்ள ஒரு கெடு இருக்கும். அது தாண்டினால் வேறு படத்துக்குப் போய்விடுவார்கள். ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு முதல் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கடைசி எபிசோட் வரை வந்தார்கள் என்பது முக்கியம். ஆனால் இந்தக் கணக்கு இப்போது உங்களையே கடிக்க ஆரம்பித்திருக்கிறது. பலமுறை சூடுபட்ட பிறகு எங்களில் பலர், "தொடர் முழுசாக முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுங்கி நிற்கிறார்கள். ஒதுங்கி நிற்பதால் முதல் வார எண்ணிக்கை குறைகிறது. குறைந்ததைக் காட்டி நீங்கள் ரத்து செய்கிறீர்கள். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று அவர்கள் அடுத்த தொடரிலிருந்தும் ஒதுங்குகிறார்கள்.

சண்டை போட்டு முடிவை வாங்கிய கதைகளும் எங்களிடம் உண்டு. 'ஃபார்ஸ்கேப்' 2003 மார்ச்சில், நாயகனும் நாயகியும் படகில் கட்டிப்பிடித்தபடியே துகள்களாகச் சிதறுவதோடு நின்றது. ரத்து என்று தெரிந்தும் 'தொடரும்' என்று போட்ட துணிச்சல்காரர்கள் அவர்கள். ரசிகர்கள் விடாமல் எழுதினார்கள். 2004 அக்டோபரில் இரண்டு பகுதிக் குறுந்தொடராக முடிவு வந்தது. 'சென்ஸ்8' 2017 ஜூன் 1-ல் ரத்தானது, அதே மாதம் 29-ல் இரண்டு மணி நேர நிறைவுப் பகுதி உண்டு என்று அறிவித்தார்கள், மறு ஆண்டு ஜூன் 8-ல் வந்தது. அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிந்தைய கதையான 'ஜெரிக்கோ'வில் சரணடையச் சொன்ன எதிரிக்கு நாயகன் "நட்ஸ்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வான். அதைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் சேனலின் அலுவலகத்துக்கு 20 டன்னுக்கும் மேல் கடலையை அனுப்பிவைத்தார்கள். ஏழு எபிசோடுகள் கிடைத்தன. (அத்தனை கடலையையும் வாங்கி இறக்கிவைத்த அந்த அலுவலக ஊழியர்களிடம் இப்போதாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.)

ஆனால் கடலை விஷயத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஏழு எபிசோடுகள் எடுக்கப்பட்ட விதம். கடைசிப் பகுதிக்கு இரண்டு முடிவுகள் படமாக்கினார்கள்: தொடர்ந்தால் ஒன்று, நின்றால் இன்னொன்று. 2008 மார்ச்சில் தொடர் நின்றது, நிற்பதற்கென்று எடுத்த முடிவு ஒளிபரப்பானது. யாருடைய குடியும் முழுகிவிடவில்லை.

அதற்கும் முன்பே 'பாபிலோன் 5' இதைச் செய்து காட்டியிருக்கிறது. ஐந்து ஆண்டுக் கதை என்று ஆரம்பத்திலேயே வகுத்துக்கொண்ட தொடர் அது. நான்காம் ஆண்டில் ஐந்தாவது சீசன் சந்தேகம் என்ற நிலை. தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி பெரிய கதைக் கிளைகளை நான்காம் சீசனிலேயே வேகவேகமாக முடித்தார். முழுத் தொடரின் நிறைவு எபிசோடையும் அப்போதே எடுத்து வைத்துவிட்டார். பிறகு வேறொரு சேனல் ஐந்தாம் சீசனை வாங்கியது. எடுத்த எபிசோடைப் பெட்டியில் பூட்டிவிட்டு, நான்காவதை முடிக்கப் புதிதாக ஒன்றை எழுதினார். பூட்டி வைத்தது 1998 நவம்பரில் வெளியே வந்தது. அதனால்தான் ஐந்தாம் சீசன் முழுக்கக் கண்ணில் படாத இவானோவா என்ற முக்கியப் பாத்திரம் கடைசி எபிசோடில் மட்டும் வந்து நிற்கிறார். முதல்முறை பார்க்கிறவர்கள் "இவர் எங்கிருந்து வந்தார்?" என்று விழிப்பார்கள். அந்தச் சின்ன விழிப்புதான் காப்பீட்டின் மொத்தச் செலவு. முழுக் கதையும் பத்திரமாக இருக்கிறது.

கடைசி நேர ஒட்டுவேலை எப்படி இருக்கும் என்பதற்கு 'குவாண்டம் லீப்' இருக்கிறது. சீசன் முடிவாக எடுத்ததைத் தொடரின் முடிவாக வெட்டி ஒட்டி, காலத்தில் தாவிக்கொண்டே இருக்கும் நாயகன் சாம் வீடு திரும்பவே இல்லை என்று 1993 மே 5-ல் ஒரு வரி எழுத்தில் போட்டார்கள். அந்த வரியில் நாயகனின் பெயரில் ஓர் எழுத்தும் விடுபட்டிருந்தது. ஐந்து சீசன் அவன் கூடவே வந்தவர்களுக்கு அந்த எழுத்துப்பிழை எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. தொடர் நின்றால் நடிகரின் சமூக ஊடகப் பக்கத்தில் போய்த் திட்டுவது, எழுத்தாளரின் குடும்பத்தை இழுப்பது எல்லாம் வேண்டாம். நிறுத்தியது அவர்கள் இல்லை. பெரும்பாலும் நம்மைப்போலவே அவர்களும் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

சரி, என்ன கேட்கிறோம்? அடுத்த சீசன் உறுதியில்லை என்றால், கடைசி எபிசோடை இறுதி செய்வதற்கு முன்பே எழுதுகிறவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது முடிவுக்கு இரண்டு நாள் படப்பிடிப்புக்கான பணத்தை முதல் பட்ஜெட்டிலேயே ஒதுக்குங்கள். மூன்று சீசன் கதை என்று தெரிந்து வாங்கிவிட்டு ஒன்றோடு நிறுத்துவதாக இருந்தால், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறைவுப் பகுதி கொடுங்கள். உங்கள் பட்டியலில் அந்தத் தொடர் பல ஆண்டுகள் இருக்கப் போகிறது. முடிவுள்ள தொடரைத்தான் புதிதாக வருகிறவர் தொடங்குவார்.

அதுவும் முடியாது, செட்டைக் கலைத்தாயிற்று, நடிகர்கள் போய்விட்டார்கள் என்றால், கதை உரிமை உங்களிடம்தானே இருக்கிறது? எழுதியவர் மனதில் வைத்திருந்த மிச்சக் கதையை அவரே எழுதி வெளியிட அனுமதி கொடுங்கள். படம் வேண்டாம், இசை வேண்டாம். பத்துப் பக்கம் இருந்தாலும் போதும், இரண்டு பக்கம் என்றாலும் வாங்கிக்கொள்கிறோம். '1899'-லிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
இன்னும் காத்திருக்கும் ஒரு ரசிகன்